இத்தாலியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி: பதக்கம் இல்லாத ஆட்டவாழ்வை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி: கோவிலூர் மாணவி (மிலான் கோர்டினா 2026 ஒலிம்பிக்குக்கு முன் எழுதியது)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் உடற்கல்வியியல் முதுநிலை படித்து வருகிறேன். இந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு வெளிநாட்டு வீராங்கனையின் ஆட்டவாழ்வைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை அளிக்க வேண்டும். பள்ளி நாள்களிலிருந்து நான் ஹாக்கியில் தடுப்பாட்டம் ஆடுபவள் என்பதால், பனித்தளத்தில் அதே இடத்தில் நின்று ஆடும் ஒருவரைப் பற்றி எழுத விரும்பி, இத்தாலியின் நதியா மாத்திவியைத் தேர்ந்தெடுத்தேன். அவர் 2000 ஆம் ஆண்டு பிறந்தவர். வடக்கு இத்தாலியின் ட்ரென்டினோ மலைப்பகுதியைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர்.

கட்டுரையை எழுதத் தொடங்கியதும் ஒரு பெரிய தடை எழுந்தது. ஓட்டக்காரரைப் பற்றி எழுதினால் நேரம் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. இத்தாலியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியோ இதுவரை 2006 துரின் ஒலிம்பிக்கில் மட்டுமே ஆடியிருக்கிறது. அடுத்து வரும் பிப்ரவரியில் மிலான் கோர்டினா 2026 இல்தான் மறுபடியும் ஆடப்போகிறது. இரண்டு முறையும் போட்டியை நடத்தும் நாடு என்ற தகுதியில் இடம் கிடைத்தது. இடையில் வந்த 2010, 2014, 2018, 2022 ஆகிய நான்கு ஒலிம்பிக்குகளிலும் அந்த அணி இல்லை. என் வகுப்புத் தோழர் ஒருவர், "வென்று பெறாத இடத்தில் ஆடுபவரின் வாழ்வில் எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எழுத நிறைய இருக்கிறது என்று என் மனம் சொல்கிறது. ஆனால் அதை எந்த அளவுகோலால் நிறுவுவது என்பதற்குத்தான் வழி தெரியவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி: தேவகோட்டை, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

அன்புள்ள மாணவிக்கு, மிக நல்ல கேள்வி. உங்கள் தோழரின் ஐயத்தை ஒதுக்கிவிடாமல் அதிலிருந்தே கட்டுரையைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

பெண்கள் ஐஸ் ஹாக்கி 1998 நகானோவில்தான் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அங்கு ஆறு அணிகள் மட்டுமே ஆடின. 2002 இல் அது எட்டு அணிகளானது. 2022 பெய்ஜிங்கிலிருந்து பத்து அணிகள் ஆடுகின்றன. அதாவது உலகம் முழுமைக்கும் ஒரு காலத்தில் எட்டு இடங்களே இருந்தன. கனடா, அமெரிக்கா, பின்லாந்து, சுவீடன் போன்ற நாடுகள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் சில இடங்களுக்காக இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பெண்கள் தங்கள் இளமை முழுவதையும் செலவிடுகிறார்கள். ஒலிம்பிக்கில் ஆடினாரா என்ற ஒரே கேள்வியால் இத்தகைய ஆட்டத்தின் வீராங்கனையை அளந்தால், உலகில் இந்த ஆட்டத்தை ஆடும் பெரும்பாலோர் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

துரினில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். 2006 பிப்ரவரியில் தன் முதல் ஆட்டத்தில் இத்தாலி கனடாவிடம் 16-0 என்ற கணக்கில் தோற்றது. போட்டியில் ஒரு வெற்றியும் பெறாமல் எட்டு அணிகளில் எட்டாவதாக முடித்தது. அதே கனடா அடுத்து ரஷ்யாவையும் 12-0 என்று வென்றது. இவ்வளவு கோல் அடிப்பது முறையா என்ற விவாதம் அப்போது பல நாள்கள் நடந்தது. இரு அணிகள் புள்ளியில் சமநிலை அடைந்தால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும் என்பதால், வலிமையான அணி நடுவில் ஆட்டத்தைத் தளர்த்திக்கொள்ள முடியாது என்பது கனடா தரப்பின் நியாயம். எனக்கும் அந்த நியாயமே சரியென்று படுகிறது. எதிரணி முழு வேகத்தில் ஆடுவதுதான் ஒரு வீராங்கனைக்குக் காட்டக்கூடிய மரியாதை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2008 செப்டம்பரில், 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்கான முன்தகுதிச் சுற்று லாட்வியாவின் லியபாயா நகரில் நடந்தது. அங்கு அதே இத்தாலி பல்கேரியாவை 41-0 என்று வென்றது. அதே சுற்றில் சுலோவாக்கியா பல்கேரியாவுக்கு எதிராக 82 கோல்கள் அடித்தது. பின்னர் வான்கூவருக்குத் தகுதி பெற்றுச் சென்ற அந்தச் சுலோவாக்கியாவைக் கனடா 18-0 என்று தோற்கடித்தது. 16, 41, 82, 18 என்ற இந்த நான்கு எண்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். இத்தாலிய வீராங்கனை ஒருவர் இரண்டரை ஆண்டு இடைவெளியில் பதினாறு கோல் வாங்கிய பக்கத்திலும் நின்றார், நாற்பத்தொரு கோல் அடித்த பக்கத்திலும் நின்றார். அவருடைய திறமை அந்த இரண்டரை ஆண்டில் அவ்வளவு மாறிவிடவில்லை; எதிரே நின்ற நாட்டின் ஆட்டக் கட்டமைப்புதான் மாறியது. ஆகவே கோல் எண்ணிக்கை நாடுகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் காட்டுகிறதே தவிர, ஒரு தனிப்பட்ட வீராங்கனையின் தரத்தைக் காட்டுவதில்லை.

வான்கூவர் ஒலிம்பிக்கின்போதே அப்போதைய ஒலிம்பிக் குழுத் தலைவர் ஜாக் ரோகே, இந்த ஆட்டத்தில் மற்ற நாடுகள் முன்னேறாவிட்டால் இப்படியே தொடர முடியாது என்ற பொருளில் வெளிப்படையாக எச்சரித்தார். அந்த எச்சரிக்கையின் கீழ் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் உங்கள் மாத்திவி. வான்கூவர் ஒலிம்பிக் நடந்தபோது அவர் பத்து வயதை எட்டிக்கொண்டிருந்த சிறுமி.

மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி (இப்போது வடக்கு இத்தாலியில்)

ஆத்தா, ஆசிரியர் ஐயா போட்டிகளைப் பற்றி எழுதிவிட்டார். நான் இங்கே வாழ்கிறவள் என்பதால், ஒரு பெண் குழந்தை இந்த ஆட்டத்தில் எப்படி மேலே வருகிறாள் என்பதை எழுதுகிறேன். உன் கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

இத்தாலி என்றால் கால்பந்து என்றே நம் ஊரில் நினைப்பார்கள். ஐஸ் ஹாக்கி இந்த நாடு முழுவதற்குமான ஆட்டம் அன்று. வடக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள சில பள்ளத்தாக்குகளின் ஆட்டம் அது. போல்சானோ, புரூனிகோ, ஆசியாகோ, அல்லேகே, கோர்டினா போன்ற ஊர்களில் பனித்தளம் என்பது நம்மூர் ஊருணிக்கரை போல எல்லோரும் கூடும் இடம். இவற்றுள் போல்சானோவும் புரூனிகோவும் உள்ள தென் திரோல் பகுதி முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. இன்றும் அங்கே பெரும்பாலோர் வீட்டில் ஜெர்மன் மொழி பேசுகிறார்கள். அதனால்தான் 2006 அணியின் பெயர்ப் பட்டியலில் மரியா லைட்னர், வால்ட்ரௌட் காசர் போன்ற பெயர்களும், லிண்டா தெ ரொக்கோ போன்ற பெயர்களும் கலந்திருக்கின்றன.

சிறுமிகளுக்கென்று தனி அணி அமைக்குமளவு எண்ணிக்கை பெரும்பாலான ஊர்களில் இல்லை. ஆகவே அவர்கள் பையன்களோடு ஒரே அணியில் ஆடி வளர்கிறார்கள். பெண்கள் ஆட்டத்தில் உடலால் மோதித் தள்ளுவது நெடுங்காலமாக விதிமீறலாகவே இருந்து வந்திருக்கிறது. சுவீடனின் மேல்நிலைப் பெண்கள் லீக் 2022 இல்தான் அதை அனுமதித்தது. பையன்களின் ஆட்டத்திலோ வயது ஏற ஏற மோதல் அனுமதிக்கப்படுகிறது. உடல் வளர்ச்சி வேறுபடும் அந்த வயதில் ஒரு பெண் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். மோதலைத் தாங்கிக்கொண்டு பையன்களோடு தொடரலாம், பெண்கள் அணி உள்ள தொலைவான ஊருக்கு மலைப்பாதையில் போய்வரலாம், அல்லது விட்டுவிடலாம். எத்தனையோ பேர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு வீராங்கனையின் ஆட்டவாழ்வில் மிகக் கடினமான வெற்றி பதினைந்து வயதை ஒட்டி, பார்வையாளர் யாருமில்லாத இடத்தில் நிகழ்கிறது என்பதை நீ அழுத்தமாக எழுத வேண்டும்.

அதைத் தாண்டி வந்தவருக்கு நாட்டுக்குள் உள்ள லீக் மிகச் சிறியது. பெலுனோ மாவட்டத்தின் அகோர்தோ என்ற சிற்றூர் அணி ஒரு காலத்தில் பெண்கள் ஐஸ் ஹாக்கியின் தூணாக இருந்தது. பின்னர் போல்சானோவின் ஈகிள்ஸ் அணி முன்னணிக்கு வந்தது. உள்நாட்டில் போதிய போட்டி இல்லாததால் ஈகிள்ஸ் அணி, 2004 இல் தொடங்கப்பட்ட, ஆஸ்திரியாவை மையமாகக் கொண்ட பன்னாட்டுப் பெண்கள் லீக்கிலும் ஆடி வருகிறது. ஆஸ்திரியா, ஹங்கேரி, சுலோவாக்கியா அணிகளோடு ஆட வேண்டுமானால் வார இறுதிகளில் எல்லை கடந்து பேருந்தில் போய், திங்கட்கிழமை காலையில் வகுப்புக்கோ வேலைக்கோ திரும்ப வேண்டும்.

வேலை என்று சொன்னேன் அல்லவா, அதையும் விளக்கிவிடுகிறேன். இத்தாலியில் பெண்கள் கால்பந்தின் மேல்நிலை லீக்கே 2022 இல்தான் தொழில்முறை ஆட்டமாக ஏற்கப்பட்டது. ஐஸ் ஹாக்கிப் பெண்களுக்கு அந்த நிலை இல்லை. நம் நாட்டில் ரயில்வேயும் காவல்துறையும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுப்பது போல, இங்கேயும் காவல்துறை, ராணுவம், நிதிக் காவல் படை ஆகியவை வீரர்களைப் பணியில் அமர்த்திப் பயிற்சிக்கு விடுகின்றன. 2018 இல் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற சோபியா கொஜ்ஜா அப்படி நிதிக் காவல் படையைச் சேர்ந்தவர். ஆனால் இந்த ஏற்பாட்டின் பயன் பெருமளவும் தனிநபர் ஆட்டக்காரர்களுக்கே கிடைக்கிறது. ஒரு சறுக்கு வீராங்கனைக்கு ஒரு பணியிடம் கொடுத்தால் ஒரு பதக்கம் வரலாம்; ஓர் ஐஸ் ஹாக்கி அணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பணியிடங்கள் கொடுத்தாலும் வருவது ஒரே பதக்கம். இந்தக் கணக்கில் அணியாட்டப் பெண்கள் எப்போதும் பின்னே தள்ளப்படுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மேலே போக விரும்புகிறவர் நாட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். ஒரு வழி சுவீடனின் லீக்; மற்றொரு வழி அமெரிக்கப் பல்கலைக்கழகம். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் அணிகளும் உதவித்தொகைகளும் பெருகின. மாத்திவி பாஸ்டனுக்குப் போனது அந்த வழியில்தான் என்று புரிந்துகொண்டால், அது வெறும் படிப்புச் செய்தியாக இல்லாமல் அவருடைய ஆட்டவாழ்வின் நடுப்பகுதியாகத் தெரியும்.

மறுமொழி: கண்டனூரான்

ஆசிரியர் அண்ணனும் ஆச்சியும் எழுதியவற்றை மதிக்கிறேன். இருந்தாலும் மாணவியின் தோழர் கேட்டதில் உள்ள நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நடத்தும் நாட்டுக்கு ஓர் இடம் கொடுக்கும்போது, தகுதிச் சுற்றில் போராடிய வேறொரு நாட்டின் பெண்கள் அந்த இடத்தை இழக்கிறார்கள். 2018 இல் தென்கொரியா நடத்தும் நாடாக இடம் பெற்று, வடகொரிய வீராங்கனைகளையும் சேர்த்துக்கொண்டு ஒருங்கிணைந்த அணியாக ஆடி, எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு அது தகுதி பெறவில்லை. இத்தாலியும் 2006 க்குப் பிறகு நான்கு ஒலிம்பிக்குகளில் இல்லை. கிடைத்த இடம் ஆட்டத்தை வளர்க்கவில்லை என்றால், அந்தச் சலுகையை எப்படி நியாயப்படுத்துவது?

இன்னொன்று, இத்தாலி அணியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிறந்து வளர்ந்த இத்தாலிய வம்சாவளியினர் இடம் பெறுவது வழக்கம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்றுக்கு உரிய புள்ளிகளாக (குடும்பங்களாக) எழுதப்படும் மண்ணில் இருந்துகொண்டு, கடல் கடந்த உறவை மறுக்க நமக்கு மனம் வராது. ஆனால் மலைப் பள்ளத்தாக்கில் பையன்களோடு மோதி வளர்ந்த பெண்ணின் இடத்தை வெளியில் பயிற்சி பெற்றவர் எடுத்துக்கொள்ளும்போது, ஆச்சி சொன்ன அந்தக் கடின வழியில் வந்தவளுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைக் கட்டுரை கேட்க வேண்டும்.

மறுமொழி: கோவிலூர் மாணவி

மூவருக்கும் நன்றி. கண்டனூர் ஐயா எழுப்பிய கேள்விகளை ஒரு தனிப் பகுதியாகவே எழுத நினைக்கிறேன். நடத்தும் நாடு என்ற இடத்தால் ஆட்டம் வளர்ந்ததற்கு எடுத்துக்காட்டு உண்டா என்றும், தடுப்பாட்டக்காரரின் தரத்தை அளக்கக் கோலைத் தவிர வேறு என்னென்ன பார்க்கலாம் என்றும் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: தேவகோட்டை, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

எடுத்துக்காட்டு உண்டு, அது ஜப்பான். 1998 நகானோவில் ஜப்பான் நடத்தும் நாடாக ஆடி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த மூன்று ஒலிம்பிக்குகளில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. 2014 சோச்சிக்குத் தகுதிச் சுற்றில் வென்று வந்தும் ஒரு வெற்றியும் இல்லை. 2018 இல், கண்டனூரார் குறிப்பிட்ட அதே ஒருங்கிணைந்த கொரிய அணியை 4-1 என்று வென்றபோதுதான் ஜப்பானுக்கு முதல் ஒலிம்பிக் வெற்றி கிடைத்தது. 2022 இல் அது கால் இறுதியில் ஆடியது. நடத்தும் நாடாக நுழைந்ததிலிருந்து முதல் வெற்றி வரை இருபது ஆண்டுகள்! நகானோவில் ஆடிய எவரும் அந்த வெற்றியைத் தாமே தளத்தில் ஆடிக் கண்டிருக்க வாய்ப்பில்லை; ஆனால் அவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த சிறுமிகள் கண்டார்கள். துரின் 2006 க்கும் மிலான் 2026 க்கும் இடையிலும் இருபது ஆண்டுகள். இந்த முறை இத்தாலி ஆடும் பிரிவில் சுவீடன், ஜெர்மனி, பிரான்சு ஆகியவற்றோடு ஜப்பானும் இருக்கிறது. ஆகவே கண்டனூரார் கேட்டதற்கு என் விடை இதுதான்: நடத்தும் நாட்டுக்கான இடம் பலன் தருமா என்பதை நான்கு ஆண்டில் தீர்மானிக்க இயலாது, ஒரு தலைமுறை போக வேண்டும். கொரியாவுக்கும் அந்த அவகாசத்தைத் தருவதே முறை.

அடிப்படையான மாற்றம் ஒன்றையும் குறிப்பிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டி 2008 இல்தான் தொடங்கியது. துரினில் ஆடிய பெண்களுக்குப் பதின்ம வயதில் அந்தப் படியே கிடையாது. ஊர் அணியிலிருந்து நேராகக் கனடாவின் எதிரே போய் நின்றார்கள். 2000 இல் பிறந்தவருக்கு அந்தப் படி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் ஆறு அணிகளோடு பெண்களுக்கான புதிய தொழில்முறை லீக் தொடங்கியது. ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியும் இந்த இடைவெளியில்தான் பொருத்தப்பட்டன. இரு தலைமுறைகளின் ஆட்டவாழ்வை அருகருகே வைத்தால், மாத்திவி எங்கிருந்து எதுவரை வந்தார் என்பது தானாகத் தெரியும்.

வம்சாவளி வீராங்கனைகளைப் பற்றி ஒரு சொல். அணியில் சேர்ந்த ஒருவர் உள்ளூர்ப் பெண்ணின் இடத்தை எடுக்கிறார் என்பது உண்மைதான். அதே நேரத்தில், பயிற்சியில் அவரோடு தினமும் ஆடும் மற்றவர்களின் வேகம் உயர்கிறது. இத்தாலியில் பதிவு பெற்ற பெண் ஆட்டக்காரர்கள் சில நூறு பேர். கனடாவில் பல்லாயிரம் பேர். எண்ணிக்கை அவ்வளவு சிறியதாக இருக்கும் வரை வெளியிலிருந்து வரும் வேகத்தை மறுக்க இத்தாலியால் முடியாது என்றே நினைக்கிறேன். கண்டனூரார் இதில் என்னோடு உடன்படமாட்டார். அந்த வேறுபாட்டை அப்படியே கட்டுரையில் வைத்துவிடுங்கள்.

மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி

தடுப்பாட்டத்தைப் பற்றிய கேள்விக்கு நான் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே போல்சானோ ஆட்டங்களில் நான் கண்கொட்டாமல் பார்ப்பது அதைத்தான்.

ஐஸ் ஹாக்கியில் தளத்தில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர் இருப்பார்கள். அவர்களில் தடுப்பாட்டக்காரர் இருவர். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும். சறுக்கும் வேகம் உடலை மிக விரைவில் சோர்வடையச் செய்வதால், ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் நிற்காமலேயே ஆட்களை மாற்றிக்கொள்வார்கள். கனடா போன்ற அணியில் மூன்று தடுப்பு இணைகளும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும் என்பதால் சுமையைப் பகிர்ந்துகொள்ள முடியும். சிறிய நாட்டு அணியில் முதல் இணை மற்றவர்களைவிட மிக நீண்ட நேரம் தளத்தில் இருந்தாக வேண்டும். களைத்த காலோடு எதிரணியின் புத்துணர்ச்சியான மூன்று தாக்குதல்காரர்களை எதிர்கொள்வதுதான் அவர்களுடைய வாழ்க்கை.

ஆகவே ஆத்தா, பிப்ரவரி 5 ஆம் தேதி தொடங்கும் பெண்கள் போட்டியைப் பார்க்கும்போது கோல்களை மட்டும் குறிக்காதே. தளத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது ஆட்டக் குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படும். அதை முதலில் எழுதிக்கொள். அவர் தளத்தில் இருந்தபோது இரு பக்கமும் விழுந்த கோல்களின் வித்தியாசம், தண்டனையாக ஒருவர் வெளியேற்றப்பட்டு, கோல்கீப்பரைத் தவிர நான்கு பேரோடு ஆடும் நிமிடங்களில் அவரை அனுப்பினார்களா என்பது, தன் எல்லையில் பிடித்த பக் வட்டை அவர் சுவரோரமாக அடித்து வெளியேற்றினாரா அல்லது தலைநிமிர்ந்து தன் அணியினரிடம் கொடுத்தாரா என்பது ஆகிய மூன்றும் அடுத்து வரும். இவற்றுள் கடைசியானதை எந்தக் குறிப்பேடும் கணக்கிடாது. தடுப்பாட்டம் ஆடிப் பழகிய உன் கண் கணக்கிடும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் பயிற்சி ஒருவருக்கு என்ன தந்தது என்பதை அங்கேதான் காணலாம்.

இத்தாலி ஆடும் பிரிவு 'பி'யில் முதல் மூன்று இடம் பெறும் அணிகள் கால் இறுதிக்குப் போகும். இத்தாலி போகுமா என்பதை நாம் பார்ப்போம். உன் கருத்தரங்கம் பிப்ரவரி முதல் வாரத்துக்கு முன் என்றால், உங்கள் துறைத் தலைவரிடம் சொல்லி இரண்டு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டுப் பார். முடியாது என்றால் 2006 தலைமுறையோடு ஒப்பிடும் பகுதியை இப்போது முழுமையாக எழுதிவிட்டு, ஆட்டப் பகுப்பாய்வைப் பிற்சேர்க்கையாகச் சேர்த்துக்கொள். தளத்தில் இருந்த நேரத்துக்கான அட்டவணையை எப்படி அமைப்பது என்று தேவைப்பட்டால் இங்கேயே கேள், எழுதித் தருகிறேன்.